பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்

1

என் வீட்டுக் குசினி அடுப்பில் நெருப்புப் பிடித்தபோது நான் நெருப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இதை மறைக்க வழியில்லை. ஊர்ச்சங்கத்தின் கூட்டத்தில் இருந்த பத்தொன்பது பேரும் கணினித் திரையில் பார்த்துவிட்டார்கள். கனடாவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் என் அண்ணை வீட்டிலும் இந்தக் கதையைப் பேசி முடித்தாயிற்று. இப்போது யார் யாரோ தொலைபேசி எடுத்து, தம்பி சுகமோ என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை விழுங்குகிறார்கள். ஆகவே ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு நானே எழுதிவிடுகிறேன். இன்னொருவன் எழுதினால் நடுத்தெருவில் என் சாரம் அவிழ்ந்தது என்றும் சேர்த்து எழுதுவான். அவிழவில்லை. மற்றதெல்லாம் உண்மை.

2

முதலில் அந்தக் கையேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விட்ட நாட்களை விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சின்னப் பட்டினத்தில் இருபத்திமூன்று வருசமாக இருக்கிறேன். மனைவி சுகந்தி முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகள் ஆரணிக்குப் பதினைந்து வயது. எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்குள் ஒரு நாள் அரசாங்கத்தின் கையேடு வந்து விழுந்தது. மின்சாரம் போனால், தண்ணீர் நின்றால், அதைவிடப் பெரிய கெடுதி ஏதும் வந்தால், ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு, யாரையும் எதிர்பாராமல் இருக்க உங்கள் வீடு ஆயத்தமா என்று கேட்டிருந்தார்கள். படம் வேறு. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மெழுகுதிரி வெளிச்சத்தில் சிரித்தபடி தகரத்தில் அடைத்த ரின்மீன் சாப்பிடுகிறது. மின்சாரம் இல்லாமல் சிரித்துக்கொண்டு சாப்பிட்ட ஒரு சனத்தையும் நான் கண்டதில்லை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தவனுக்கு இவர்கள் மெழுகுதிரி வாங்கி வைக்கச் சொல்லிப் புத்திமதி சொல்லுகிறார்களாம்.

சிரித்தேன். சிரித்து முடித்த கையோடு கடைக்கு ஓடினேன்.

அன்று பிடித்த பைத்தியம் பிறகு விடவில்லை. ஐந்து மூட்டை அரிசி. பருப்பு, சீனி, ரின்மீன். தண்ணீர்ப் போத்தல் நாலு அடுக்கு. பற்றரி றேடியோ இரண்டு, ஒன்று பழுதானால் மற்றது. மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று. மண்ணெண்ணெய் எங்கே விற்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறைக்குள் அடுக்கினேன். சுகந்தி வேலையால் வந்து கதவைத் திறந்து பார்த்தாள். என் அப்பா மயிலிட்டியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர் என்பது அவளுக்குத் தெரியும்.

"இஞ்சருங்கோ, சண்டை வந்தாலும் நாங்கள் மூண்டு பேர்தான். மாமா சங்கக்கடை நடத்தினது காணாதெண்டு நீங்களும் துறக்கப் போறியளோ?"

நான் அவளுக்கு அனுபவம் போதாது என்றேன். அவளும் யாழ்ப்பாணத்தில்தான் பிறந்தவள், அவளும் பங்கர்க் குழிக்குள் பதுங்கி இருந்தவள் என்பது அந்த நேரம் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோடு தீயணைக்கிற உருளை ஒன்று நின்றது. இந்த நாட்டில் வீட்டுக்கு ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வைத்திருந்தேன். எடுக்க ஐந்து மூட்டையையும் இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சட்டம் புகை அலாரம். அதையும் வைத்திருந்தேன். ஆனால் நாங்கள் செத்தல் மிளகாய் தாளித்தால் அது செல்குண்டு விழுந்த மாதிரிக் கத்தும். இங்கே தமிழர் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை, உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் போதும். குளிக்கிறபோது மயிர் நனையாமல் பெண்கள் தலையில் போடுகிற பொலித்தீன் தொப்பி ஒன்று அலாரத்துக்குப் போட்டிருக்கும். எங்கள் வீட்டுத் தொப்பியில் நீலப் பூக்கள்.

3

கடைசியாக, பை.

வாசல் கதவடியில், மழைக்கோட்டுகள் கொளுவுகிற இடத்தில், ஒரு கறுப்புப் பை எப்போதும் தொங்கும். கடவுச்சீட்டுகள், குடியுரிமைக் கடிதம், மயிலிட்டிக் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி, என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஒரு ரோச் லைற், காய்ச்சலுக்கு ஒரு அட்டை பனடோல். ஊரை விட்ட எல்லாருக்கும் இப்படி ஒரு பை தெரியும். செல்லடிக்கிற காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் வாசலுக்கு ஒரு பை தொங்கியது. எங்கள் வீட்டில் அது மண்ணிற றெக்சின் பை. தூக்குகிற வேலை என்னுடையது. பதினொரு வயதில் அப்பா என்னைக் கூப்பிட்டு, செல் விழத் தொடங்கினால் பையைத் தூக்கு, அதுதான் உன் வேலை, திறந்து பார்க்கக்கூடாது என்றார். அண்ணைக்குப் பதினெட்டு வயது, அக்காவுக்குப் பதினாறு. அவர்களை விட்டுவிட்டு என்னிடம் தந்தார். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்குள் ஊறிக்கிடக்கிறது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மயிலிட்டியை விட்டு ஓடினோம். வசாவிளான் தாண்டி அச்சுவேலிவரை நடை. பையை ஒரு கணமும் கீழே வைக்கவில்லை. கை மாற்றவும் விடவில்லை. அச்சுவேலியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அப்பா அதை வாங்கி, கெட்டிக்காரன் என்றார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு இராணுவம் பிடித்துவைத்திருந்த காணியை விட்டபோது, உறுதியைக் காட்டி எங்கள் பங்கை அடையாளம் காட்டினார் அண்ணை. அங்கே வீடு இல்லை, கிணறும் நாலு படியும்தான் மிச்சம். ஆனால் உறுதி இருந்தது. அதைக் காப்பாற்றியவன் நான். இதை நான் சொல்லாத கலியாண வீடு இந்த நாட்டில் இல்லை.

4

ஆகவே ஊரை விட்ட நாளை நினைத்து சங்கம் வருசாவருசம் நடத்துகிற சூம் கூட்டத்தில், வீட்டு ஆபத்துகளும் எங்கள் அனுபவமும் என்று பேச என்னைக் கேட்டதில் வியப்பில்லை. சனிக்கிழமை மத்தியானம். சுகந்தி வேலைக்குப் போய்விட்டாள். ஆரணி மேலே தன் அறையில், காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு. நான் கணினியைக் குசினி மேசையில் வைத்தேன். சோறு ஆகிவிட்டது, பேசிக்கொண்டே மோர்மிளகாயைப் பொரித்துவிடலாம் என்று தாச்சியில் எண்ணெயை வைத்தேன். அரைமணி நேரத்தையும் வீணாக்காத மனுசன்.

பேச்சு நன்றாகத்தான் போனது. எரிகிற எண்ணெய்க்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூட வேண்டும் என்று சொன்னேன். சனம் பதறும், பதறுகிறவனால்தான் வீடு அழியும் என்றும் சொன்னேன். பிறகு றெக்சின் பையின் கதைக்கு வந்தேன். அது நீளமான கதை. திரையில் எல்லாரும் திடீரென்று வாயை அசைக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஒலியை நிறுத்தி வைத்திருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கைதட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அண்ணை மட்டும் எழும்பி நின்று எனக்குப் பின்னால் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பினேன். தாச்சி எரிந்தது. சுவாலை புகைபோக்கியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலே நீலப்பூத் தொப்பிக்குள் அலாரம் சமத்தாக இருந்தது.

பத்து நிமிசத்துக்கு முன் நான் சொன்ன ஒரு வார்த்தையும் என்னிடம் இல்லை. மூடி அடுப்பின் பக்கத்தில்தான் இருந்தது. நான் பதினொரு வயதுக்குப் போய்விட்டேன். பையைத் தூக்கினேன், ஓடினேன்.

5

வெளியே மழை. சாரத்தோடும் வெறுங்காலோடும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். முன்வீட்டு பெரித் என்ற எழுபது வயதுப் பெண் புகையைக் கண்டு தீயணைப்புக்காரருக்குத் தொலைபேசி எடுத்தபடி ஓடி வந்தார். எல்லாரும் வெளியே வந்துவிட்டீர்களா என்று என்னைக் கேட்டார்.

நான் பையை உயர்த்திக் காட்டி, ஓம், எல்லாரும் வெளியே என்றேன்.

இருபத்திமூன்று வருசமாக இந்த நாட்டு மொழியில் வினைச்சொல்லைப் பிழையான இடத்தில் வைக்கிறவன் நான். வங்கியில் பிழை விட்டிருக்கிறேன், மகளின் ஆசிரியரிடம் பிழை விட்டிருக்கிறேன். அன்றைக்கு வசனம் சுத்தமாக வந்தது. அதை நினைத்தால் என் நாக்கை நானே பார்க்கப் பிடிக்காமல் இருக்கிறது. பெரித் நான் சொன்னதை நம்பி, உள்ளே ஒருவரும் இல்லை என்று தொலைபேசியில் அப்படியே சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். இல்லை, ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொல்ல என் வாய் வரவில்லை. அவள் ஞாபகமே வரவில்லை என்பதுதான் உண்மை. எழுதியாயிற்று.

அப்போது குசினி யன்னல் திறந்தது. புகை வெளியே வந்தது. அதற்குப் பின்னால் ஆரணி. கையில் தாச்சி மூடியைப் பிடிக்கிற துணி, கழுத்தில் பாட்டுக் கேட்கிற கருவி. மணம் வந்து இறங்கி வந்திருக்கிறாள். அடுப்பை நிறுத்தி, மூடியைப் போட்டு மூடியிருக்கிறாள். பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் அவர்கள் உண்மையாகவே கைதட்டினார்களாம்.

அவள் தெருவில் நிற்கிற என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"அப்பா, நான் உள்ளுக்கு இருந்தனான்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

6

தீயணைப்பு வண்டி வந்தது. உயரமான ஒரு பெண் அதிகாரி சப்பாத்தோடு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். ஏறி, நீலப்பூத் தொப்பியை இரண்டு விரலால் கழற்றி, செத்த எலியைப் பிடிப்பதுபோல என் முகத்துக்கு நேரே பிடித்தார். இது யாருடையது என்றார். மனைவியுடையது என்றேன். வேலைத்தலத்தில் யாரோ ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவளை அந்த இடத்தில் காட்டிக்கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இறங்க இன்னும் படிகள் மிச்சம் இருந்தன என்று தெரிகிறது.

உருளை எங்கே என்றார். காட்டுகிறேன் என்று அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். நாலாவது மூட்டையில் மூச்சு வாங்கியது. போதும், விளங்கிவிட்டது என்றார்.

அடுத்த கிழமை ஒரு படிவம் வந்தது. இந்த நாட்டில் வீடு எரிந்தாலும் எரியாவிட்டாலும் படிவம் வரும். நெருப்பை முதலில் கண்டவர் யார், அணைத்தவர் யார், வயது என்ன, வீட்டில் இருந்த வளர்ந்தவர் என்ன செய்தார். கடைசிக் கேள்விக்கு ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். நான் ஒரே சொல்லில் எழுதினேன்: வெளியேறினார்.

குசினிச் சுவரைச் சுகந்தி மூன்று தரம் கழுவினாள். எரிந்த எண்ணெய் மணம் போகவில்லை. என் மழைக்கோட்டிலும் அதே மணம். என்னிடமிருந்துதான் வருகிறதோ என்று கையை மணந்து பார்ப்பேன்.

7

ஆரணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்; வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் தப்பியிருக்கிறேன். அவள் மரியாதையாக இருந்தாள். ஏற்கெனவே என்னோடு பாதித் தமிழிலும் பாதி நோர்வே மொழியிலும் கதைக்கிறவள், இப்போது முழுக்க நோர்வே மொழிக்குப் போனாள். அதில் நான் திரும்பிக் கேள்வி கேட்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு கிழமையில் அவள் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் கயிற்று ஏணி. யன்னல் விளிம்பில் கொளுவி மேல்மாடியிலிருந்து இறங்குகிற ஏணி. தன் அறை யன்னலுக்குக் கீழே அதைச் சுருட்டி வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு தமிழில் பதில் சொன்னாள்.

"நெருப்பு வந்தால் உங்களைப் பாத்துக்கொண்டு இருக்காமல் இறங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த சுகந்தி தலை நிமிரவில்லை. அந்த ஏணி இரும்பும் கயிறும் சேர்ந்த பத்து முழச் சாமான், ஆனால் என் பிள்ளை என்னைப் பற்றி எழுதிய அறிக்கை அதுதான். அப்பா வரமாட்டார். அரசாங்கப் படிவத்தைவிடச் சுருக்கம்.

சாப்பாடு முடிந்ததும் அவள் வாசலுக்குப் போய்ப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது, பார்க்கலாமா என்று கேட்டாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். உறுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பழைய எழுத்து அவளுக்கு வாசிக்க வராது. என் சான்றிதழ்களைக் கண்டு கொஞ்சம் சிரித்தாள். பிறகு தன் கடவுச்சீட்டைத் திறந்தாள். அது எப்போதோ காலாவதியான பழையது. புதியது அவள் மேசை லாச்சிக்குள் இருந்ததாம், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அவளும் சுகந்தியும் எடுத்தது, எனக்குத் தெரியாது. பழையதில் முன்பல் விழுந்த ஒரு பிள்ளை.

"இதுக்குள்ளை எனக்கு அஞ்சு வயசு அப்பா."

மூடி உள்ளே வைத்துவிட்டு மேலே போனாள்.

8

அன்று பின்னேரம் அச்சுவேலிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆறுதல் தேடித்தான். அண்ணையிடம் ஆறுதல் தேடுவது, கள்ளிப் பத்தைக்குள் சாய்மனைக் கதிரை தேடுவது போல. ஆனாலும் எடுத்தேன். பழக்கதோசம் அண்ணை, எனக்குப் பை மட்டும்தான் படிப்பித்தது, அப்பா பழக்கின பழக்கம் என்று பழியை அப்பாவின் தலையில் மெதுவாக இறக்கப் பார்த்தேன்.

"உனக்கு ஏன் பையைத் தந்தவர் எண்டு தெரியுமோ?" என்றார்.

"நான் கவனமான ஆள் எண்டு."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற சத்தம் கேட்டது.

"எடே, உன்னைச் சும்மா விட்டால் ஆட்டுக்குட்டியைப் பிடிக்கத் திரும்பி ஓடுவாய். கையிலை பாரம் இருந்தால் நேரை நடப்பான் எண்டு அப்பா அம்மாவுக்குச் சொன்னதை நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான். அதுக்குள்ளை உன்ரை ரெண்டு காற்சட்டையும் சங்கக்கடைப் பழைய கொப்பியளும்தான் கிடந்தது."

"அப்ப உறுதி?"

"உறுதி அப்பான்ரை வயித்தோடை. துணியிலை சுத்திக் கட்டியிருந்தவர்."

முப்பத்தைந்து வருசமாக, கலியாண வீடுகளில், செத்த வீடுகளில், சூம் கூட்டத்தில், என் இரண்டு காற்சட்டையைக் காப்பாற்றிய கதையைச் சொல்லித் திரிந்திருக்கிறேன். கதிரையில் இருந்தபடி எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எழுத ஒரு சொல்லும் பொருந்தவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அண்ணையின் குரல் இறங்கியது.

"பையை மட்டுமோ நீ படிச்சனி? அப்பா வாசல் படலையிலை நிண்டு எண்ணினவர். அது மறந்து போச்சோ? நாங்கள் நாலு பேரும் படலைக்கு வந்திட்டம். அந்தப் பக்கம் செல் வந்து விழுது. அந்தாள் படலையைத் தாண்டேல்லை. ஒண்டு குறையுது, ஒண்டு குறையுது எண்டு கத்துது. நீ பையோடை ஆட்டுக் கொட்டிலடியிலை நிண்டனி. அஞ்சு எண்ணின பிறகுதான் நடந்தது."

எனக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருந்தது. கொட்டிலடியில் நின்று கேட்டிருக்கிறேன். எதை எண்ணுகிறார் என்றுதான் நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. பாரம் தூக்கியவனுக்குப் பாரம்தான் ஞாபகம். எங்களைக் காப்பாற்றியது எதுவோ அது அப்பாவின் வாயில் இருந்திருக்கிறது, பிள்ளைக்குத் தந்த விளையாட்டுச் சாமானை நான் பொத்திப்பிடித்துக்கொண்டு கடல் கடந்து வந்திருக்கிறேன்.

9

அடுத்த நாள் இதை ஆரணிக்குச் சொன்னேன். காற்சட்டைக் கதையையும் மறைக்கவில்லை. ஆட்டுக்குட்டிக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

பிறகு வீட்டைத் திருத்தினோம். அதைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை, கையேட்டில் இருந்ததுதான். நாலு மூட்டை அரிசியைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தேன். உருளை வாசலுக்கு வந்தது. அலாரத்தை அடுப்படியிலிருந்து தள்ளி, மேலே மாடிப்படி முடிகிற இடத்தில் பொருத்தினோம். பொரிக்கும்போது கதவைச் சாத்தினால் அது கத்துவதில்லை. கதவைச் சாத்துவது என்ற பெரிய விஞ்ஞானம் இருபத்திமூன்று வருசமாக எங்கள் மண்டையில் ஏறவில்லை. பிறிஜ் கதவில் ஆரணி ஒரு தாள் ஒட்டினாள். நெருப்பு என்றால் எல்லாரும் தபால் பெட்டியடி. ஒருவரும் சாமான் தூக்குவதில்லை. வெளியே போனவர் திரும்ப உள்ளே போவதில்லை. எண்ணுகிறவர்: அப்பா. கடைசி வரியைத் தமிழில் எழுதியிருந்தாள், மூன்று சுழி ண சரியாக.

பை கொளுவியிலேயே தொங்குகிறது. அதைக் கழற்ற வேண்டாம் என்று சுகந்தி சொன்னாள்.

ஒரு ஞாயிறு காலை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் அலாரம் கத்தியது. மேலே அதன் சோதனைப் பொத்தானை யார் அமத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழும்பி ஓடினேன். வாசலில் கை தானாகப் பைக்குப் போனது. போன கையை மற்றக் கையால் பிடித்து இழுத்தேன். சிரிக்க வேண்டாம், உண்மையாகவே இழுத்தேன். சுகந்தி என்னை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தபால் பெட்டியடியில் மழைத்தூறலில் நின்றோம்.

எண்ணினேன். ஒண்டு, ரெண்டு.

மூன்றாவது வரவில்லை. ஒத்திகைதானே என்று சுகந்தி சொன்னாள். ஓம், ஒத்திகைதான். ஆனாலும் வீட்டைப் பார்த்துக் கத்தினேன். ஆரணி, ஒண்டு குறையுது. முன்வீட்டில் பெரித் யன்னலைத் திறந்தார். ஞாயிறு காலை அந்தத் தெருவில் யாரும் கத்துவதில்லை. நான் திரும்பவும் கத்தினேன். என் தொண்டையில் இருந்து வந்த சத்தம் படலையடியில் கேட்ட அதே சத்தம்.

மேல்மாடி யன்னல் திறந்தது. ஏணி சடசடவென்று சுவரோடு இறங்கியது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"எண்ணினீங்களோ?"

"எண்ணினன். ஒண்டு குறையுது."

கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுமையாக இருந்தன.

"சரி, அப்ப வாறன்."

ஏணி காற்றில் ஆடியது. ஓடிப்போய் அடியைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடிக்க முடிந்தது. அவள் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் என் விரல்களை நன்றாக மிதித்துக்கொண்டு இறங்கினாள். தெரியாமல் மிதித்தாள் என்று சுகந்தி சொல்லுகிறாள். நான் நம்பவில்லை.